புகையில் வாட்டிய பாரை

இரஞ்சிதம் கலியாணம் முடித்து வரும்வரை மீன் வெட்டிய கத்தியைக்கூடத் தொட்டதில்லை. நீர்வேலியில் அவளுடைய தகப்பன் வீட்டில், அயல்வீட்டுக் கருவாட்டு மணம் காற்றில் வந்தாலே ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். கணவன் தில்லைநாதன் அப்படியான குடும்பத்தில் பிறந்தவன் அல்ல. ஆனால் தாலி கட்டிய நாளிலிருந்து அவனும் மச்சம் சாப்பிடுவதை விட்டுவிட்டான். அவள் அதைக் கேட்கவுமில்லை, அவன் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவுமில்லை.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு நெடுங்கேணிக்குக் கிழக்கே, புதிதாகத் திருத்திய குளமொன்றின் கீழ் அவர்களுக்கு வயற்காணி கிடைத்தது. அங்கே யானை வரும், சிறுத்தை வரும் என்று ஊரில் பயமுறுத்தி அனுப்பினார்கள். இரண்டும் வந்தன. யானை வாழைகளைத் தின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓட்டி வந்த இரண்டு பசுக்களில் ஒன்றைச் சிறுத்தை அடித்தது. மற்றது இரண்டாம் கன்றோடு பால் வற்றிப்போனது. ஆனாலும் நெல் விளைந்தது. வீட்டில் அரிசிக்குக் குறைவிருக்கவில்லை.

மூத்தவன் யோகலிங்கம் அந்தக் காணியில்தான் பிறந்தான். யோகன் என்று கூப்பிட்டார்கள். ஒன்றரை வயதுவரை தாய்ப்பாலில் தளதளவென்று வளர்ந்தவன். அடுத்தது வயிற்றில் வந்ததும் இரஞ்சிதம் முலைக்காம்பில் வேப்பெண்ணெய் பூசி அவனைப் பால் மறக்கச் செய்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறும் ரசமும், சோறும் மோரும், மோர் இல்லாத நாளில் சோற்றுக் கஞ்சியும். அவன் அடம் பிடிக்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டான்.

அறுபத்தொன்றாம் ஆண்டு ஆடியில் தங்கை பிறந்தாள். அதன் பிறகுதான் யோகனிடம் மாற்றம் தெரிந்தது. கறுத்துச் சுருண்டிருந்த தலைமயிர் செம்பட்டை பற்றி, இழுத்தால் கையோடு வந்தது. கன்னம் உப்பியது. காலும் கையும் பொம்மென்று இருந்தன. காணிக்கு வந்தவர்கள், "நல்ல கொழுத்த பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தாய்க்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கொழுத்த பிள்ளை ஓடித் திரியும். இவன் இருத்திய இடத்திலேயே இருந்தான். கோழி வந்து அவன் கையிலிருந்த சோற்றைக் கொத்திக்கொண்டு போனாலும் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றிலும் மேலாக, அவன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

நாவூறு என்று நினைத்து மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடுங்கேணிப் பரியாரி பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பூச்சி விழவும் செய்தது, ஆனால் வீக்கம் வற்றவில்லை. ஐப்பசி மழை தொடங்க முன்னர், ஒருவர் தோளில் யோகனும் மற்றவர் தோளில் கைக்குழந்தையுமாகப் புருசனும் பெண்சாதியும் பஸ் ஏறி முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டொக்டர் நடுத்தர வயதுக்காரர். நெற்றியில் திருநீறு இருந்தது. அவர் யோகனின் பாதத்தில் பெருவிரலை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் பிட்டு மாவில் விரல் பட்டதுபோலக் குழி விழுந்து, அப்படியே நின்றது.

"இது கொழுப்பில்லை அம்மா, தண்ணி. பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறியள்?"

"வயிறு நிறையச் சோறு குடுக்கிறனான் டொக்டர். எங்கடை வயல் நெல்லு."

"சோறு வயித்தை நிரப்பும். பிள்ளை ஓடுறதுக்குத் தெம்பும் குடுக்கும். ஆனால் தசை வளர வேறை சத்து வேணும். அது பாலிலை இருக்கு, பருப்பிலை இருக்கு, முட்டையிலை, மீனிலை இருக்கு. பால்குடி மறந்த பிறகு இவனுக்கு அது கிடைக்கேல்லை."

ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து மாப்பால் கரைத்துக் கொடுத்தார்கள். அது யோகனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீராகப் போனது. பயற்றங்கஞ்சியும் அப்படியே. முட்டையை வாயில் வைத்ததும் சத்தி எடுத்தான். கடைசியில் ஆஸ்பத்திரிக் குசினியில் அவித்த மீனை மசித்துக் கஞ்சியில் கலந்து தாதி ஊட்டினாள். அது மட்டும் வயிற்றில் நின்றது. இரஞ்சிதம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கட்டிலைப் பிடித்தபடி நின்றாள்.

அதற்குள் வாட்டில் சின்னமுத்து அம்மை போட்ட பிள்ளையொன்று வந்து சேர்ந்தது. டொக்டர் யோகனை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

"இந்த உடம்போடை சின்னமுத்தும் வந்தால் தாங்கான். வீட்டிலை வைச்சுப் பாருங்கோ. ஒவ்வொரு நாளும் மீன் குடுக்க வேணும். கருவாடு வேண்டாம், அதிலை உப்புக் கூட. உப்பு வீக்கத்தை ஏத்தும்."

"நாங்கள் சைவம் டொக்டர்" என்றாள் இரஞ்சிதம். குரல் தாழ்ந்திருந்தது.

"நானும் சைவம்தான். பாலும் பருப்பும் சமிக்கிற பிள்ளையெண்டால் சைவத்திலேயே தேத்திப்போடலாம். இவனுக்கு இப்ப அது ஏலாது. என்ரை பிள்ளைக்கு இப்பிடி வந்திருந்தால் நான் மீன் குடுத்திருப்பன்."

பஸ் ஏறித் திரும்பினார்கள். ஒட்டுசுட்டான் தாண்டியபோது தில்லைநாதன் மெல்லச் சொன்னான்: "நீர் சமைக்க வேண்டாம். வெளியிலை ஒரு அடுப்பு மூட்டி நான் அவிக்கிறன்."

"அவிக்கிறது ஆர் எண்டது கதையில்லை" என்றாள் அவள். "மீன் எங்கையிருந்து வரும்?"

அது சரியான கேள்வி. கடல் இருபது மைலுக்கு அப்பால் இருந்தது. குளம் புதிது, அதில் மீன் இன்னும் பெருகியிருக்கவில்லை. முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு கச்சு முகம்மது என்ற வியாபாரி வாரத்தில் சில நாள் வருவார். ஊருக்கு ஊர் 'பாம் பாம்' என்று ஹோர்ன் அடிப்பவர், இரஞ்சிதத்தின் படலையைக் கடக்கும்போது மட்டும் கையை எடுத்துவிடுவார். வந்த புதிதில் அவள் ஒருமுறை, வெள்ளிக்கிழமையும் பார்க்காமல் வாசலில் நின்று ஹோர்ன் அடிக்கிறாரே என்று பக்கத்துக் காணியில் குறைப்பட்டிருந்தாள். அது அவர் காதுக்குப் போயிருந்தது.

இப்போது அவளே படலையில் காத்து நின்றாள். சத்தமில்லாமல் சைக்கிள் வருவதைக் கண்டதும், "நானா, கொஞ்சம் நில்லுங்கோ" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

கச்சு முகம்மது இறங்கினார். பெட்டியைத் தன் உடம்பால் மறைப்பதுபோல் சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "என்ன தங்கச்சி? நான் இண்டைக்கு ஹோர்ன் அடிக்கேல்லையே."

அவள் பிள்ளையைக் காட்டினாள். டொக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இண்டைக்குத் தரலாம். ஆனால் நாளைக்கும் நாளையிண்டைக்கும் என்ன செய்யப் போறீங்கள்? மாரி இறங்கினால் பேராறு பெருகும், எனக்கு வரவும் ஏலாது. வந்தாலும் இவ்வளவு தூரத்திலை மீன் பழுதாய்ப் போகும். பிள்ளைக்குப் பழுதான மீன் குடுக்கக் கூடாது."

"கருவாடும் வேண்டாமாம்."

"விளங்குது." அவர் யோசித்தார். "மாரியிலை வெயில் இல்லை, கருவாடு போட்டால் புழு வைக்கும். அதாலை எங்கடை மனிசி அடுப்புக்கு மேலை பரண் கட்டி, உப்புப் பட்டும் படாமலும் புகையிலை வாட்டி வைப்பா. வீட்டுப் பாவனைக்கு மட்டுந்தான், விக்கிறதில்லை."

"புகையிலையிலையோ?" என்று கேட்டாள் புகையிலைத் தோட்டக்காரரின் மகளான இரஞ்சிதம்.

கச்சு முகம்மது சிரித்துவிட்டார். "அந்தப் புகையிலை இல்லை தங்கச்சி. தேங்காய்ப் பொச்சுப் புகை. நான் மனிசியிட்டைக் கேட்டுக் கொண்டு வாறன்."

அடுத்த முறை அவர் வந்தபோது பனையோலைப் பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி உம்மு ஹானி வாழைச்சருகில் சுற்றி அடுக்கியிருந்தார்: முதுகால் பிளந்த பாரை, விரல் நீளச் சாளை. தேன் நிறத்தில், மினுமினுப்பாக, மரம்போல் காய்ந்திருந்தன. எப்படிச் சமைப்பது என்று கணவனிடம் மூன்று தரம் சொல்லி அனுப்பியிருந்தார். அவரும் சொன்னதை மாறாமல் ஒப்புவித்தார். கொதிநீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். பிறகு நன்றாக அவிக்க வேண்டும். முள்ளில் ஒன்றுகூட விடாமல் எடுத்து, உரலில் இடித்து, முதல் நாளில் ஒரு கரண்டிக்கு மேல் கொடுக்கக் கூடாது.

பெட்டியைத் திறக்கும்போது இரஞ்சிதம் முந்தானையை மூக்கில் பிடித்திருந்தாள். பிறகு கையை எடுத்தாள். வந்தது மீன் மணம் அல்ல. முதலில் பொச்சுப் புகையின் மணம்தான் வந்தது. நீர்வேலியில் தகப்பன் புகையிலையைக் குடிலில் அடுக்கிப் பொச்சு மூட்டும் நாட்களில் வீடெல்லாம் இருந்த அதே மணம். மீன் அதற்கு அடியில் எங்கோ இருந்தது. அந்த அளவுக்கு அவளால் தாங்க முடிந்தது.

தில்லைநாதன் முற்றத்து மூலையில் மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பில் அவித்தான். அவித்ததைத் தட்டில் வைத்து முள் எடுத்தான். முதுகெலும்பை ஒரே இழுவையில் கழற்றி, பக்க முட்களை நகத்தால் தடவித் தடவி எடுத்த வேகத்தைப் பார்த்து அவள் அசந்துபோனாள்.

"உங்களுக்கு இது நல்லாய்த் தெரியுது."

"சின்னனிலை பழகினது" என்றான் தலை நிமிராமல்.

"விருப்பமாய்ச் சாப்பிட்டனியளோ?"

அவன் ஒரு முள்ளை எடுத்து வைத்துவிட்டு, "ஓம்" என்றான். அவ்வளவுதான். நான்கு வருடமாக இந்த மனிதன் தனக்கு முன்னால் கத்தரிக்காயும் பருப்பும் தின்றுகொண்டிருந்ததை அவள் அப்போதுதான் உண்மையில் நினைத்துப் பார்த்தாள்.

முதல் கரண்டி மீனைக் குழைந்த சோற்றோடும் முருங்கையிலைத் தண்ணீரோடும் பிசைந்து ஊட்டினார்கள். யோகன் விழுங்கினான். வயிறு கலங்கவில்லை. மறுநாள் இரண்டு கரண்டி. அதன் பின் காலையும் மாலையும். மழை பிடித்தது. பேராறு பெருகி வீதியை மூடியது. கச்சு முகம்மது கடைசியாக வந்தபோது பெரிய பெட்டியொன்றைத் தந்துவிட்டுப் போயிருந்ததால் மீனுக்குத் தட்டுப்பாடு இல்லை. அதை இரஞ்சிதமும் தங்கள் அடுப்புக்கு மேலேயே தொங்கவிட்டாள்; ஈரம் ஏறாமல் இருந்தது. வெளியடுப்பை மழையில் மூட்ட முடியாமல் போனதால் சமையலும் குசினிக்குள் வந்துவிட்டது. அதை அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகுதான் பயங்கரம் வந்தது.

ஒரு காலையில் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியபோது யோகனின் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. அடுத்தடுத்த நாட்களில் கன்னம் ஒட்டியது. கால்கள் குச்சியாயின. தொடைத் தோல் சுருங்கித் தொங்கியது. கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. நேற்றுவரை பார்க்கக் கொழுகொழுவென்று இருந்த பிள்ளை, பட்டினி கிடந்த கிழவனைப்போல ஆகிவிட்டான்.

இரஞ்சிதம் பெட்டியை அவிழ்த்துக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டிலில் வைத்தாள்.

"போதும். எங்கடை குடும்பத்துக்கு இல்லாததை நான் இவன்ரை வாயிலை வைச்சன். பிள்ளையார் காட்டிப்போட்டார்."

"டொக்டர்தானே சொன்னவர்."

"டொக்டர் இஞ்சை வந்து பாக்கட்டும். பிள்ளை உருகிப்போறான்."

அன்று முழுவதும் வெறும் கஞ்சிதான் கொடுத்தாள். யோகன் கஞ்சியைத் தட்டிவிட்டு அழுதான். சாயந்தரமும் அழுதான். குரல் கூரைக்குக் கேட்டது. பல மாதமாகச் சத்தமே போடாத பிள்ளை அழுவதைக் கேட்டு, அது நோவில் அழுகிறது என்று தாயும் சேர்ந்து அழுதாள். முல்லைத்தீவுப் பாதை அடைபட்டிருந்தது. தில்லைநாதன் விடிந்ததும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மறுபக்கமாக, சேற்றில் இறங்கி நெடுங்கேணிக்கு நடந்தான். அங்கே மருத்துவமாது விமலேஸ்வரி இருந்தார். இரஞ்சிதத்தின் இரண்டாவது பேறு பார்த்தவர். அந்தப் பக்கத்துச் சனங்கள் அவரை மிஸி என்றுதான் சொல்வார்கள்.

மத்தியானம் கடந்து, தவராசா என்ற அயல்காணிக்காரனின் டிராக்டரில், குடை பிடித்தபடி மிஸி வந்து இறங்கினார். சேலை முழங்கால்வரை சேறு. காலைக் கழுவிவிட்டு நேரே பிள்ளையிடம் போனார். கண் இரப்பையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். கடைசியாக, டொக்டர் செய்ததுபோலவே பாதத்தில் பெருவிரலை அழுத்தி எடுத்தார்.

குழி விழவில்லை.

"இஞ்சை பாரும் இரஞ்சிதம். நீரும் அமத்திப் பாரும்."

அவள் அழுத்தினாள். தோல் உடனே எழும்பியது. மறு காலிலும் அழுத்தினாள். திரும்பவும் அழுத்தினாள்.

"வீக்கம் வத்திப்போச்சு. இவ்வளவு நாளும் நீர் கன்னம் எண்டு பாத்தது தண்ணி. இப்ப தெரியிறதுதான் இவன்ரை உண்மையான உடம்பு. இவன் முந்தியே மெலிஞ்சுதான் இருந்தவன், தண்ணி அதை மூடி வைச்சிருந்தது."

"மீன் குடுத்ததாலை இல்லையோ?"

"மீன் குடுத்ததாலைதான் தண்ணி இறங்கினது. என்னத்துக்கு அழுறான்?"

"தெரியேல்லை. நேற்றிலையிருந்து கத்துறான்."

"நேற்று என்ன குடுத்தனீர்?"

இரஞ்சிதம் தலையைக் குனிந்தாள். "கஞ்சி மட்டும்."

"பசிக்குது அவனுக்கு" என்றார் மிஸி. "பசி வந்திட்டுது. நீர் சந்தோசப்பட வேணும். கொண்டு வாரும், என்ரை கண்ணுக்கு முன்னாலை குடும்."

தில்லைநாதன் கொட்டிலுக்கு ஓடினான். அவித்து, இடித்து, சோற்றில் பிசைந்து வரும்வரை பிள்ளை அழுதுகொண்டே இருந்தான். கிண்ணத்தைக் கண்டதும் நிறுத்தினான். முதல் வாயை விழுங்கிவிட்டு, தாயின் விரலைப் பிடித்து அடுத்த வாய்க்கு இழுத்தான். கிண்ணம் வெறுமையானதும் அதற்குள் கையை விட்டுத் துழாவினான். இரஞ்சிதம் சுவரோடு சாய்ந்து இருந்து, சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள். மிஸி அவளைத் தடுக்கவில்லை. தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்.

போக முன்னர் இரஞ்சிதத்தின் கண் இரப்பையையும் இழுத்துப் பார்த்தார். உள்ளே காகிதம்போல வெளுத்திருந்தது.

"உமக்குத் தலை சுத்துறதில்லையோ?"

"குனிஞ்சு எழும்பினால் சுத்தும்."

"இரத்தம் இல்லை. இரும்புக் குளிசை தாறன். ஆனால் குளிசை மட்டும் காணாது. நீர் சாப்பிடுறதிலையிருந்துதான் சின்னவளுக்குப் பால் வருது. மகனுக்கு நல்லது உமக்கும் நல்லதுதான்."

"எனக்கு ஏலாது மிஸி. இவனுக்காக இடிக்கிறன், அதோடை விடுங்கோ."

"நான் வற்புறுத்தேல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னன்."

அவள் உடனே சாப்பிடவில்லை. கார்த்திகை முழுவதும் குளிசைதான் விழுங்கினாள். ஒருநாள் நடுப்பகல், கிணற்றடியில் தலைசுற்றி விழுந்து, குடத்தோடு தானும் உடையாமல் தப்பினாள். அன்று பிள்ளைக்குப் பிசைந்த கிண்ணத்தில் ஒரு கரண்டி மிஞ்சியிருந்தது. அதில் தேசிக்காய் பிழிந்து, கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிப்பதுபோல் விழுங்கினாள். வெளியே வரப்போகிறது என்று காத்திருந்தாள். வரவில்லை. மறுநாளும் விழுங்கினாள். நல்ல ருசி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் தை மாதம் மிஸி வந்து கண்ணைப் பார்த்தபோது இரப்பை சிவந்திருந்தது.

தில்லைநாதனுக்கும் அவளே ஒருநாள் கேளாமல் ஒரு பாரைத் துண்டைப் பொரித்துத் தட்டில் வைத்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமையிலை இல்லை. மற்ற நாளிலை சாப்பிடுங்கோ" என்றாள். "வயலிலை மாயிற உடம்பு."

யோகன் முதலில் சிரித்தது எப்போது என்று அவர்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தகப்பன் தும்மியதற்கு என்று ஒருவர் சொல்வார், கன்றுக்குட்டி வழுக்கி விழுந்ததற்கு என்று மற்றவர். அரிவு வெட்டும் காலத்தில் வரம்பைப் பிடித்து நடந்தான். தங்கையின் கையிலிருந்ததைப் பறித்து அடி வாங்கினான். அடித்துவிட்டு இரஞ்சிதம் சிரித்தாள். பறிக்கத் தெரிந்த பிள்ளையை அவள் அவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனார்கள். சன்னிதியில் நின்று மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனவள், அங்கே போய் நின்றதும் எதையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கி அம்மனுக்குக் காட்டினாள். அது போதும் என்று பட்டது.

மறுநாள் முல்லைத்தீவில் கச்சு முகம்மதுவின் வீட்டைத் தேடிப் பிடித்தார்கள். உம்மு ஹானியை இரஞ்சிதம் அதுவரை கண்டதில்லை. பருத்த, சிரித்த முகத்துப் பெண். வாசலில் நின்ற யோகனைப் பார்த்துவிட்டு அவர் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வருத்தக்காரப் பிள்ளையைக் கூட்டி வரேல்லையோ?"

"இவன்தான் அக்கா."

உம்மு ஹானி வாயில் கை வைத்தார். பிறகு பிள்ளையைத் தூக்கி, கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், இது தண்ணியில்லை, சதை" என்றார். அவர்கள் என்ன சாப்பிடுவார்களோ, என்ன சாப்பிடமாட்டார்களோ என்ற சந்தேகத்தில் இளநீரும் வாழைப்பழமும்தான் வைத்தார். போகும்போது வாட்டிய சாளை கொஞ்சம் சுற்றிக் கையில் தந்தார். இரஞ்சிதம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் யோகன் தாயின் மடியில் நித்திரையாகிப் போனான். புளியங்குளம் போகும் பஸ் அது, சனம் நெரிந்தது. அவளுடைய கை மரத்துப்போவதைக் கண்டு தில்லைநாதன் குனிந்து கேட்டான்.

"பாரமாய்க் கிடக்குதே, என்னட்டைத் தாருமன்."

"பாரந்தான்" என்றாள் இரஞ்சிதம். "இருக்கட்டும், நான் வைச்சிருக்கிறன்."